ஜேமியின் கால்சட்டை: பழைய கொலை வழக்கிலிருந்து சிறுவர் திகில் கதை எழுத ஒரு முழு வழிகாட்டி

பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்லிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். கதை முடிந்து இரண்டு விநாடி அமைதி. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மாமா, இது நெஜமா நடந்ததா?" பேய்க்கதை என்றால் சிரித்துச் சமாளித்துவிடலாம். "ஆமாம், நடந்தது" என்று சொல்லவேண்டிய கதையை எடுத்துக்கொண்டால் அந்தச் சிரிப்பு உதவாது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறவன். நிஜக் குற்றத்தை வைத்து 9 முதல் 12 வயதுக்காரர்களுக்கு ஒரு திகில் கதை எழுதப் போய், இரண்டு முறை சொதப்பி, மூன்றாவது முறைதான் தேறினேன். அந்த அனுபவத்தை ஒரே வழக்கை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். வழக்கு, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1827, 1828இல் பர்க், ஹேர் என்ற இருவர் செய்த கொலைகள்.

படி 1: வழக்கைத் தேர்ந்தெடுங்கள்

பிரபலமான வழக்கெல்லாம் பிள்ளைகளுக்கு ஆகாது. நான் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்பேன்.

முதலாவது: ஏன் கொன்றார்கள் என்பதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்ல முடியுமா? 1952இல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் ரயிலில் டிரங்குப் பெட்டி, உள்ளே தலையில்லாத உடல். திகிலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதன் வேர் பெரியவர்களின் உறவுச் சிக்கலில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் வெறும் பெட்டிதான் மிஞ்சும், சேர்த்துச் சொன்னால் அது சிறுவர் கதையாக இருக்காது. 1888இல் லண்டன் ஒயிட்சேப்பலில் நடந்த கொலைகளுக்கும் இதே சிக்கல்.

இரண்டாவது: இந்தக் கதையைப் படித்து யாராவது வீட்டில் அழுவார்களா? ஆட்டோ சங்கர் வழக்கு நடந்தது 1980களின் கடைசியில். கொல்லப்பட்டவர்களின் வீட்டார் நம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம். அதைத் தொடவேண்டாம்.

மூன்றாவது: தீர்ப்பு என்ன? அமெரிக்காவில் 1892இல் தந்தையும் மாற்றாந்தாயும் கோடரியால் கொல்லப்பட்ட வழக்கில் லிஸ்ஸி போர்டன் என்ற பெண் கைதானாள். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவளை விடுவித்தது. ஆனால் பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டு பாடும் பாட்டில் அவள்தான் கொலைகாரி. பாட்டுக் கணக்குப்படி வெட்டு 81, உடல்களில் இருந்ததோ 30க்குள். நீதிமன்றம் விடுவித்தவரை நம் கதையிலும் நிரந்தரக் கைதியாக்குவது சரியில்லை.

பர்க், ஹேர் வழக்கு மூன்றிலும் தேறுகிறது. காரணம் பணம். அதுவும் தொடங்கியது ஒரு வாடகை பாக்கியில். வாடகை பாக்கி என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

படி 2: நடந்ததை முதலில் நேராகத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை எழுதும் அவசரத்தில் பலரும் தாண்டிப் போகும் இடம் இது. நானும் தாண்டினேன். என் முதல் வரைவில் பர்க்கும் ஹேரும் நள்ளிரவில் மண்வெட்டியோடு கல்லறையைத் தோண்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் ஒரு கல்லறையைக்கூடத் தோண்டியதில்லை.

அன்றைய எடின்பரோ மருத்துவப் படிப்புக்குப் பெயர்போன ஊர். உடற்கூறு படிக்கச் சடலம் வேண்டும். சட்டம் கொடுத்ததோ பெரும்பாலும் தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்கள், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில். மாணவர்கள் பெருகினார்கள், சடலம் பெருகவில்லை. அந்த இடைவெளியில் பிணத்திருடர்கள் புகுந்தார்கள். புதைத்த உடலைக் காப்பாற்றக் கல்லறைமேல் இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டினார்கள். அந்தக் கூண்டுகளை கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் பார்க்கலாம்.

ஹேரும் அவன் மனைவியும் வெஸ்ட் போர்ட் பகுதியில் டானர்ஸ் குளோஸ் என்ற சந்தில் ஒரு மலிவு விடுதி நடத்தினார்கள். 1827 நவம்பரில் அங்கே தங்கியிருந்த வயதான முன்னாள் சிப்பாய் ஒருவர் நோயில் இறந்துபோனார். பாக்கி வைத்தது 4 பவுண்டு. பர்க்கும் ஹேரும் சவப்பெட்டியிலிருந்து அவரை எடுத்துவிட்டு, தோல் பதனிடும் மரப்பட்டையை உள்ளே நிரப்பி மூடினார்கள். புதைக்கப்பட்டது மரப்பட்டை. கிழவரின் உடல் டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறியல் பள்ளிக்குப் போனது. கிடைத்தது 7 பவுண்டு 10 ஷில்லிங். இன்னொன்று இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அங்கிருந்தவர்கள் சொல்லியனுப்பியதாகப் பர்க்கின் வாக்குமூலம் சொல்கிறது.

அதற்குப் பிறகு யாரும் தானாக இறக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. ஓராண்டுக்குள் 16 பேர். வெயில் காலத்தில் ஓர் உடலுக்கு 8 பவுண்டு, குளிர் காலத்தில் 10.

1828 அக்டோபர் 31 இரவு, கடைசிக் கொலை. நடந்தது பர்க்கின் வீட்டில். மறுநாள், அந்த வீட்டில் கணவனோடு தங்கியிருந்த ஆன் கிரே என்ற பெண் தன் காலுறையைத் தேடிப் படுக்கைப் பக்கம் போனாள். பர்க் சத்தம் போட்டான். அவன் ஏன் கத்துகிறான் என்று அவளுக்குச் சந்தேகம். ஆள் இல்லாத நேரம் பார்த்து வைக்கோலை விலக்கினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வாரம் 10 பவுண்டு வரும் என்று பர்க்கோடு வாழ்ந்த பெண் ஆசை காட்டினாள். கிரே தம்பதி ஏழைகள். ஆனாலும் நேராகப் போலீசுக்குப் போனார்கள்.

ஹேர் அப்ரூவரானான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தொடங்கிய விசாரணை இரவெல்லாம் நடந்து கிறிஸ்துமஸ் காலையில் முடிந்தது. 1829 ஜனவரி 28 அன்று, சுமார் 25,000 பேர் பார்க்க, பர்க்கைத் தூக்கிலிட்டார்கள். அவன் உடலையும் அறுத்துப் பாடம் நடத்த வேண்டும், எலும்புக்கூட்டைப் பாதுகாக்க வேண்டும் என்பது நீதிபதியின் உத்தரவு. அந்த எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹேர் விடுதலையாகி ஊரைவிட்டுப் போய்விட்டான்.

படி 3: பயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

கொலைகாரனிடம் இருக்கிறது என்று சட்டென்று தோன்றும். என் இரண்டாவது வரைவு அந்த நினைப்பில்தான் கெட்டது. பர்க்குக்குச் சிவந்த கண், கரகரத்த குரல் எல்லாம் கொடுத்திருந்தேன். உண்மையில் அவன் செருப்புத் தைப்பவன். பழைய செருப்புகளைச் சரிசெய்து விற்றான். பாடுவான், ஆடுவான், அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். பிள்ளைகளுக்கு இதுதான் குலைநடுங்க வைக்கும். சிவந்த கண்ணைப் பார்த்தால் ஓடிவிடலாம். செருப்புத் தைத்துக் கொடுத்துக்கொண்டே பாட்டுப் பாடுகிறவரிடமிருந்து எப்படி ஓடுவது?

அதைவிட ஆழமான பயம் நாக்ஸின் பள்ளி வாசலில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெட்டி வருகிறது. திறந்து பார்க்கிறார்கள். மண் ஒட்டாத உடல், அதாவது புதைக்கப்படாத உடல். படித்தவர்கள், பெரிய மனிதர்கள். "யார் இவர்? எப்படி இறந்தார்?" என்று ஒருவரும் அழுத்திக் கேட்கவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள். நாக்ஸ்மீது வழக்கே வரவில்லை.

உங்கள் வழக்கிலும் இந்தக் கதவைத் தேடுங்கள். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த பெரியவர்கள் எங்காவது இருப்பார்கள். வகுப்பில் ஒரு பையன் அடி வாங்கும்போது எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்களே, அந்த நேரத்தை அறிந்த பிள்ளைக்கு இந்தக் கதவு உடனே புரிந்துவிடும்.

படி 4: யார் கண்ணால் சொல்வது?

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். செலவிட வேண்டியதும் இங்கேதான்.

கொல்லப்பட்டவர்களில் ஜேம்ஸ் வில்சன் என்ற இளைஞன் இருந்தான். வயது சுமார் 18. ஊரே அவனை ஜேமி என்று கூப்பிட்டது. கூடவே "பைத்தியம்" என்று ஓர் அடைமொழி. எந்தப் பருவத்திலும் வெறுங்காலோடுதான் நடப்பான். விடுகதை போடுவதில் பிரியம். சட்டைப்பையில் எப்போதும் மூக்குப்பொடி டப்பாவும் பொடி எடுக்கும் சின்னக் கரண்டியும். 1828 அக்டோபரில் அவன் காணாமல் போனபோது அவன் அம்மா தெருத்தெருவாக விசாரித்தாள். டப்பாவையும் கரண்டியையும் ஆளுக்கொன்றாகக் கொலைகாரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மேசைமேல் கிடந்தவனைச் சில மாணவர்கள் அடையாளம் கண்டார்கள். அது ஜேமி இல்லை என்று நாக்ஸ் மறுத்துவிட்டார்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஜேமியின் துணிமணிகளைப் பர்க் தன் சகோதரனின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டான். உடுக்கச் சரியான துணி இல்லாத பிள்ளைகள். மூட்டையை அவிழ்த்ததும் எனக்கு உனக்கு என்று அடித்துக்கொண்டார்களாம்.

இதைப் படித்ததும் என் கதைசொல்லி கிடைத்துவிட்டான். கால்சட்டை கிடைத்த பையன். அவன் பெயரை நான் கற்பனையாகத்தான் வைத்தேன். நிஜப் பிள்ளைகளின் பெயரை இழுக்கவில்லை. இப்போது முன்னும் பின்னும் பாருங்கள்.

இரண்டாவது வரைவில் இருந்தது:

"இருண்ட சந்தில் ஓர் அலறல் கேட்டது. ரத்தம் உறைந்தது. கதவுக்குப் பின்னால் ஏதோ பயங்கரம் நடந்துகொண்டிருந்தது."

மூன்றாவது வரைவில்:

"கால்சட்டை எனக்குப் பெரிதாக இருந்தது. சித்தப்பா இடுப்பில் கயிறு கட்டிவிட்டார். 'ராஜா மாதிரி இருக்கேடா' என்றார். கீழ்ப்பக்கம் நைந்து, சேறு காய்ந்து கிடந்தது. செருப்புப் போடாதவனுடைய கால்சட்டை அப்படித்தான் நையும். பைக்குள் கை விட்டேன். ஒன்றும் இல்லை, அடியில் கொஞ்சம் பொடி. விரலை முகர்ந்து பார்த்தேன். தும்மினேன். மறுபடி தும்மினேன். இந்த வாசம் எனக்குத் தெரியும். போன வாரம்கூட முச்சந்தியில் நின்று எனக்கு ஒரு விடுகதை போட்டவன்மேல் இந்த வாசம்தான் அடித்தது. விடையை நாளைக்குச் சொல்கிறேன் என்றிருந்தான். நிமிர்ந்தேன். சித்தப்பா பாடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்."

அலறல் இல்லை, ரத்தம் இல்லை. கொலை நடந்து முடிந்துவிட்டது, பையனுக்கு இன்னும் தெரியாது, படிக்கும் பிள்ளைக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இனி அவன் அந்தக் கால்சட்டையோடு தெருவில் நடக்க வேண்டும். எதிரே ஜேமியின் அம்மா தேடிக்கொண்டு வருவாள். இதற்குமேல் பேய் எதற்கு?

கண்களைத் தேடும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: கொலை நடந்த அறைக்குள் அந்தக் குழந்தை இருக்கக் கூடாது. அறைக்கு வெளியே, ஆனால் அறையிலிருந்து வந்த ஒரு பொருளோடு இருக்க வேண்டும்.

படி 5: வெட்ட வேண்டியதை வெட்டுங்கள்

எப்படிக் கொன்றார்கள் என்பது வேண்டாம். "மறுநாள் காலை அந்தக் கட்டில் காலியாக இருந்தது" போதும். முறையை விவரித்தால் சில பிள்ளைகள் பயப்படமாட்டார்கள், விளையாடிப் பார்ப்பார்கள்.

கொல்லப்பட்டவர்களில் ஒரு பாட்டியும் பேரனும் உண்டு. அந்தச் சிறுவனை நான் கதைக்குள் கொண்டுவரவில்லை. படிக்கிற பிள்ளை வயதில் இருக்கும் ஒருவனை அப்படிச் சாகவிட்டால், கதை முடிந்தபின்னும் அது கூடவே வீட்டுக்குப் போகும். ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். உடல்களைப் பீப்பாயில் வைத்து வண்டியில் ஏற்றிப் போனபோது, குதிரை நடுவழியில் நின்றுவிட்டது. அடித்தும் நகரவில்லை. வேறு ஆளைக் கூப்பிட்டுத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். பீப்பாய்க்குள் என்ன என்று சொல்லாமலேயே, நகர மறுத்த குதிரையை ஒரு பக்கம் எழுதலாம். என் கதையில் பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்த பாத்திரம் அந்தக் குதிரைதான்.

படி 6: யார் பெயர் நிலைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்

எடின்பரோ பிள்ளைகள் இந்த வழக்கை வைத்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். அதில் பர்க் கசாப்புக்காரன், ஹேர் திருடன், நாக்ஸ் இறைச்சி வாங்குகிறவர். நல்ல பாட்டுதான், நாக்ஸைத் தப்பவிடாத ஒரே நீதிமன்றம் அதுதான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் செத்தவர்கள் பெயர் அதில் ஒன்றும் இல்லை.

உங்கள் கையெழுத்துப் பிரதியை எடுத்து இரண்டு நிறப் பேனாவால் குறியுங்கள். கொலைகாரன் பெயர் வரும் இடமெல்லாம் சிவப்பு, கொல்லப்பட்டவர் பெயர் வரும் இடமெல்லாம் பச்சை. என்னுடையதில் முதலில் சிவப்பு மட்டுமே தெரிந்தது. பிறகு பர்க்கைப் பெரும்பாலும் "சித்தப்பா" ஆக்கிவிட்டேன். ஜேமிக்கு முழுப்பெயர் கொடுத்தேன். அந்த "பைத்தியம்" அடைமொழியை ஊரார் வாயில் ஒரே ஒரு முறை வரவிட்டேன். அதைக் கேட்டு அவன் அம்மா திரும்பிப் பார்க்கிறாள்.

படி 7: அந்நியன் என்ற குறுக்குவழியில் போகாதீர்கள்

பர்க்கும் ஹேரும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். "வெளியூர்க்காரன், ஏழை, அதனால் கொலைகாரன்" என்று கதை தானாகச் சரியும். சரியவிடாதீர்கள். கடைசியாகக் கொல்லப்பட்ட மார்கரெட் டோஹர்ட்டியும் அயர்லாந்துக்காரிதான். என் அம்மாவும் உங்கள் குடும்பப் பெயர்தான் என்று சொல்லித்தான் பர்க் அவளை வீட்டுக்கு அழைத்துப்போனான். "அட, நீங்க நம்ம ஊரா?" என்ற வார்த்தையில் விழுந்தவள் அவள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், பிள்ளை பிடிக்கிறவன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மா வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை கடத்த வந்தவர் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. முகம் தெரியாதவர் என்றாலே பூதம் என்று எழுதும்போது இது நினைவிருக்கட்டும்.

படி 8: பேய் வேண்டுமா?

வேண்டுமென்றால் வழக்கே கொடுக்கும். 1836இல் எடின்பரோவின் ஆர்தர்ஸ் சீட் குன்றில் முயல் பிடிக்கப் போன சிறுவர்கள், பலகைக் கல்லால் மறைத்திருந்த ஒரு பொந்தைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே விரல் நீளச் சவப்பெட்டிகள் 17. ஒவ்வொன்றிலும் துணி உடுத்திய ஒரு மரப்பொம்மை. பையன்கள் பையன்களாகவே நடந்துகொண்டார்கள்: ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடிச் சிலதை உடைத்துவிட்டார்கள். மிஞ்சிய 8 ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

கொல்லப்பட்ட 16 பேர், நோயில் இறந்த கிழவர் ஒருவர், ஆக 17. அவர்களுக்கு யாரோ ரகசியமாகச் செய்த ஈமச்சடங்கோ என்று சிலர் ஊகிக்கிறார்கள். கேட்டதும் சிலிர்க்கும். ஆனால் பொம்மைகள் எல்லாம் ஆண் உடையில், கொல்லப்பட்டவர்களில் 12 பேர் பெண்கள். யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்பது இன்றுவரை புதிர். கதைக்குள் ஊகத்தை நிஜமாக்குங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. கதைக்கு வெளியே அதை ஊகம் என்றே சொல்லுங்கள்.

படி 9: முடிவும், முடிவுக்குப் பின் ஒரு பக்கமும்

பிள்ளைகளுக்குக் கெட்டவன் மாட்ட வேண்டும். இங்கே பாதிதான் மாட்டினார்கள். ஹேருக்குக் கற்பனையாகத் தண்டனை கொடுத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. கொடுக்கவில்லை. ஆன் கிரே வைக்கோலை விலக்கும் இடத்தில் கதையை முடித்தேன். 10 பவுண்டை வேண்டாம் என்று சொல்லி அவள் தெருவில் இறங்கி நடக்கிறாள், கால்சட்டைப் பையன் அவளுக்குப் போலீஸ் நிலையத்துக்கு வழி காட்டுகிறான். வழி காட்டியது கற்பனை. மற்றது நடந்தது.

கடைசியில் ஒரு பக்கம் "எது நிஜம், எது கற்பனை" என்று கட்டாயம் எழுதுங்கள். ஹேர் தப்பியதையும் நாக்ஸ் நீதிமன்றம் ஏறாததையும் அங்கே சொல்லுங்கள். 1832இல் வந்த சட்டம் பிணத்திருட்டுத் தொழிலை ஒழித்தது என்பதையும், அந்தச் சட்டம் கைகாட்டியது யாரும் உரிமை கோராத ஏழைகளின் உடல்களை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பத்து வயதுக்கு இது கனம் என்றார் பிரதியைப் படித்த ஒரு நண்பர். என் அனுபவத்தில் பிள்ளைகள் கதையைவிட அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள்.

படி 10: பகலில், சத்தமாக வாசித்துப் பாருங்கள்

இரவில் வாசித்தால் எந்தக் கதையும் பயமுறுத்தும், கதையின் தரம் தெரியாது. பகல் வெளிச்சத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். முன்கூட்டியே வீட்டாரிடம் என்ன கதை என்று சொல்லிவிடுங்கள். பயமாக இருந்தால் எழுந்து வெளியே போகலாம், யாரும் கேலி செய்யமாட்டோம் என்று பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். வாசிக்கும்போது முகங்களைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். எந்த வரியில் காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்கிறார்களோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியே விழாத பக்கத்தைச் சுருக்குங்கள். அடுத்தடுத்து மூன்று விழுந்தால் நடுவில் குதிரையைக் கொண்டுவாருங்கள்.

என் மூன்றாவது வாசிப்பில் கால்சட்டைப் பையன் தும்மும் இடம் வந்தது. எல்லாக் கால்களும் உள்ளே போயின. அந்த நேரம் பார்த்து இரண்டாவது வரிசையில் சளிப் பிடித்த ஒரு பையன் நிஜமாகவே தும்மினான். ஏழு பேரும் ஒரே அலறல், அவனும் சேர்த்து. அடங்கி உட்கார ஐந்து நிமிடம் ஆனது. அப்புறம் அவனே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி மாமா, அந்த விடுகதைக்கு விடை என்ன?" என்று கேட்டான். அதை நான் யோசிக்கவே இல்லை. விடை சொல்ல ஜேமிதான் இல்லையே என்றேன். அதற்கு அவன், "அப்ப விடுகதையையாவது முழுசா எழுதுங்க, நாங்க கண்டுபிடிக்கிறோம்" என்றான். நான்காவது வரைவில் அதைச் சேர்த்துவிட்டேன்.